பாட்டனார் கேட்ட பாட்டைப் பேரன் கேட்கிறானா?

ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் இளமையில் கேட்ட இசையே இசை. அதற்கு முந்தியது பழமை, பிந்தியது இரைச்சல். "எங்கள் காலத்துப் பாட்டுக்கு இது ஈடாகுமா?" என்று தந்தை கேட்பதும், மகன் மறுமொழி கூறாமல் நழுவுவதும் உலகெங்கும் இல்லங்களில் நடைபெறும் வழக்கு. மேல்நாடுகளில் இவ்வழக்கு இப்போது விந்தையானதொரு திருப்பத்தை அடைந்திருக்கிறது. அங்கே முதியோர் 'எங்கள் காலத்துப் பாட்டு' என்று போற்றுவது, ஒரு காலத்தில் அவர்களுடைய பெற்றோர் காதைப் பொத்திக்கொண்ட ராக் இசையைத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் வாலிபரின் கலகக் குரலாய் ஒலித்த அவ்விசையை, அவ்வாலிபரின் பேரப்பிள்ளைகள் இன்று கேட்கிறார்களா? கேட்கிறார்கள் எனில், அதனை அவர்கள் கையில் ஒப்படைத்தவர் யார்?

இக்கேள்வி இசை விரும்பிகளுக்கு மட்டும் உரியதன்று. தான் நேசித்ததை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கையளிக்கிறது என்பது, பிள்ளைகளை வளர்ப்போர் அனைவரும் சிந்திக்கத்தக்க பொருளாகும்.

கலகமாய்ப் பிறந்த இசை

1950-களில் அமெரிக்க நாட்டில் ராக் இசை உருவாயிற்று. கறுப்பின மக்களின் துயரப் பாடல்களும், அவர்தம் ஆலயங்களில் முழங்கிய பக்திப் பாடல்களும், வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்களும் ஒன்றாய்க் கலந்ததன் பயன் அது. மின்விசையால் ஒலி பெருக்கப்பட்ட கிட்டாரும், தாளம் அதிர முழங்கும் டிரம்சும் அதன் அடையாளங்கள். 1960-களில் அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்தில் வேரூன்றியது. லிவர்ப்பூல் துறைமுக நகரின் நான்கு இளைஞர் பீட்டில்ஸ் என்ற பெயரோடு புறப்பட்டனர். 1964 பிப்ரவரி 9-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் தோன்றியபோது, ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் அந்நிகழ்ச்சியைக் கண்டனர். ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பெலின், பிங்க் ஃபிளாய்ட், குயீன் என வேறு குழுக்களும் பெரும்புகழ் எய்தின. 1980-களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் சில, இக்குழுக்களின் பாடல்களையே தொகுத்து ஒலிபரப்பத் தொடங்கியபோது, 'கிளாசிக் ராக்' என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது.

அக்காலத்துப் பெற்றோர் இவ்விசையை வரவேற்கவில்லை. நீண்ட தலைமுடியும், கூச்சலும், அடங்காமையும் அவர்களை அச்சுறுத்தின. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், தம் குழுவினர் இயேசுவினும் மிகுந்த புகழ் பெற்றுவிட்டனர் என்ற பொருள்படக் கூறிய சொல் 1966-இல் பெரும் புயலை எழுப்பியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகள் தெருவில் குவிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன.

ஆண்டுகள் உருண்டோடின. வத்திக்கான் நகரின் நாளேடான 'லொசர்வத்தோரே ரொமானோ' 2008-இல் அச்சொல்லை மீண்டும் ஆராய்ந்தது. எதிர்பாராத புகழால் திணறிய ஓர் எளிய குடும்பத்து இளைஞனின் வீம்புப் பேச்சாகவே அதனைக் கருதியது. 2010-இல் அதே நாளேடு, தனித் தீவில் சிக்கிக்கொண்டவர் உடன் வைத்திருக்கத்தக்க 10 இசைத் தொகுப்புகளைச் சற்றே விளையாட்டாகப் பட்டியலிட்டது. பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்', பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்', ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆகியவை அதில் இடம்பெற்றன. தெருவில் எரிந்த தட்டு, பெரியோர் பரிந்துரைக்கும் தட்டாய் மாறிவிட்டது!

கணக்கு கூறும் உண்மை

பெரியோர் பரிந்துரைப்பது ஒருபுறமிருக்க, இளையோர் கேட்கிறார்களா என்பதன்றோ நம் வினா?

பீட்டில்ஸ் குழு 1970-இல் கலைந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டு நவம்பரில், அவர்களுடைய புகழ்பெற்ற 27 பாடல்கள் 'ஒன்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அடுத்த 10 ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த புதுத் தொகுப்புகள் அனைத்தையும் பின்தள்ளி, விற்பனையில் முதலிடம் பெற்றது அப்பழைய பாடல் தொகுப்பே. 2023 நவம்பரில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட லெனன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்த பாடல் ஒன்று இருந்தது. பியானோ ஒலியில் அமிழ்ந்து கிடந்த அவருடைய குரலைக் கணினி நுட்பத்தால் தனியே பிரித்தெடுத்து, 2001-இல் காலமான ஜார்ஜ் ஹாரிசன் முன்னரே வாசித்து வைத்த கிட்டாரையும் சேர்த்து, எஞ்சிய இருவரும் அதனை முழுமையாக்கினர். 'நவ் அண்ட் தென்' என்ற அப்பாடல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அக்குழு அங்கே இதற்கு முன் அவ்விடத்தைப் பிடித்தது 1969-இல். இடைப்பட்ட காலம் 54 ஆண்டுகள்!

குயீன் குழுவின் கதையும் இத்தகையதே. அதன் தலைமைப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி நம் நாட்டோடு தொடர்புடையவர். 1946-இல் சான்சிபார் தீவில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்த அவர், மகாராட்டிர மாநிலத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவர். மேடையேறி ராக் பாடல்கள் வாசிக்க அவர் தொடங்கியதும் அப்பள்ளி மாணவர் குழுவில்தான். 1975-இல் அவர் இயற்றிய 'போஹீமியன் ராப்சடி' இங்கிலாந்துப் பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1991 நவம்பரில் அவர் மறைந்தபின் மீண்டும் முதலிடம் பெற்றது. 2018-இல் அவர் வரலாறு திரைப்படமாக வந்ததும் மூன்றாம் முறையாக உயிர்த்தெழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் பாடல்களில் இணையத்தின் வழி மிகுதியாகக் கேட்கப்பட்டது அதுவே என்று, 160 கோடி முறை என்ற கணக்கோடு, அதனை வெளியிட்ட நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. 1975-இல் இப்பாடலை வாங்கிய இளைஞர் மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் இத்தொகை எட்டியிருக்குமா?

ஆயினும் கணக்கைக் கையாளும்போது நிதானம் வேண்டும். 2021-இல் அமெரிக்கர் கேட்ட இசையில் 100-க்கு ஏறத்தாழ 70 பங்கு பழைய பாடல்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அக்கணக்கில் 'பழையது' என்பதற்குரிய இலக்கணம் என்ன தெரியுமா? வெளிவந்து 18 மாதங்கள் கடந்தவை யாவும் பழையவையே. ஆகவே சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டுப் பாட்டும் பீட்டில்ஸ் பாட்டும் அங்கே ஒரே பந்தியில் அமர்கின்றன. முதியோர் இதனைத் தம் வெற்றி முரசாகக் கொட்டுவதற்கில்லை.

காலம் என்ற முறம்

எஞ்சியவற்றை மட்டும் எண்ணி, உதிர்ந்தவற்றை மறப்பதும் நியாயமாகாது. 1964 சனவரியில் பீட்டில்ஸ் பாடலை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு, இங்கிலாந்துப் பட்டியலின் உச்சியில் ஏறியது டேவ் கிளார்க் ஃபைவ் என்ற குழு. அன்று இவ்விரு குழுக்களையும் எதிர்எதிரே நிறுத்திச் செய்தித்தாள்கள் எழுதின. இன்றைய 20 வயது இளைஞர்களில் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?

காலம் முறத்தில் இட்டுப் புடைக்கிறது, பதர் பறந்துவிடுகிறது, மணி தங்குகிறது. 'அக்காலத்து இசை அனைத்தும் உயர்ந்தது' என்று முதியோர் எண்ணுவதற்கு இதுவே காரணம். அக்காலத்தில் வந்த எத்தனையோ வெற்று ஓசைகளை அவர்களே மறந்துவிட்டார்கள். இக்காலத்துப் பாடல்களோ இன்னும் புடைக்கப்படவில்லை. மணியும் பதரும் கலந்து கிடப்பதைக் கண்டு முகம் சுளிப்பது அவசரத் தீர்ப்பாகும்.

வந்தடையும் வழிகள்

இன்றைய இளைஞர் பழைய குழுக்களை அடையும் வழி பெரும்பாலும் நேர்வழியாக இருப்பதில்லை. ஏதோ ஒரு பக்க வாயில் வழியே நுழைந்து விடுகிறார்கள்.

2020 செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளி ஒருவர், தம் வண்டி பழுதாகி நின்றுவிடவே, சக்கரப் பலகை மீதேறிச் சாலையில் சறுக்கிச் சென்றவாறு பழச்சாறு பருகினார்; பின்னணியில் ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'டிரீம்ஸ்' ஒலித்தது. டிக்டாக்கில் அவர் வெளியிட்ட அச்சிறு காட்சியைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். 1977-இல் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் நின்ற அப்பாடல், 43 ஆண்டுகள் கழித்து மீண்டும் அப்பட்டியலில் ஏறிற்று. 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடர், தனிப் பாடகியான கேட் புஷ் 1985-இல் வெளியிட்ட பாடலை இங்கிலாந்தில் முதலிடத்துக்கு உயர்த்தியது. அவ்வாண்டு அதே தொடரில் ஒலித்த மெட்டாலிக்கா குழுவின் 1986-ஆம் ஆண்டுப் பாடல், வெளிவந்து 36 ஆண்டுகள் கழித்தே அமெரிக்காவின் முதல் 100 பாடல்களின் பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்றது. 2005-இல் வந்த 'கிட்டார் ஹீரோ' என்ற கணினி விளையாட்டோ, சிறுவர் பலருக்குப் பழைய ராக் பாடல்களை விளையாட்டுத் துணையாகவே அறிமுகப்படுத்தி வைத்தது.

இதனால் கேட்கும் முறையே மாறிவிட்டது. பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973-இல் வெளிவந்து, 1988 வரை 741 வாரங்கள் அமெரிக்க இசைத்தொகுப்புப் பட்டியலில் நிலைத்தது. ஏறத்தாழ 43 நிமிடங்கள் ஒரு பாடல் மற்றொன்றில் கரைந்து ஓடும்படி அது அமைக்கப்பட்டது. முதல் பாடலிலிருந்து இறுதிவரை அமர்ந்து கேட்பதே அன்றைய வழக்கம். இன்றைய இளைஞனிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பாடலின் அரை நிமிடத் துண்டு. பாட்டை அறிவான், பாடிய குழுவை அறியான். குழுவின் பெயர் பொறித்த பனியனை அணிந்திருப்பான். அக்குழுவின் ஒரு பாடலையும் முழுதாய்க் கேட்டிருக்க மாட்டான்.

ஆனால் துண்டோடு நின்றுவிடாமல் ஊற்றைத் தேடிச் செல்வோரும் உளர். கறுப்பு வினைல் இசைத்தட்டுகளின் மறுவாழ்வே அதற்குச் சான்று. வழக்கொழிந்துவிட்டதாக யாவரும் கருதிய அத்தட்டுகள், 2022-இல் அமெரிக்காவில் குறுந்தட்டுகளைவிட எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. 1987-க்குப் பின் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. மிச்சிகன் மாநிலத்துச் சகோதரர் மூவர், நண்பர் ஒருவரோடு கூடி 2012-இல் தொடங்கிய கிரேட்டா வான் ஃபிளீட் குழு, லெட் செப்பெலினை நினைவூட்டும் இசையோடு தோன்றி, 2019-இல் கிராமி விருதையும் பெற்றது. 2025 சூலை 5-ஆம் நாள் பர்மிங்ஹாம் நகரில் பிளாக் சபத் குழுவின் ஆசி ஆஸ்போர்ன் விடைபெற்ற நிகழ்ச்சியில், அக்குழுவின் 1972-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றைப் பாடியவர் 27 வயதான யங்பிளட் என்ற பாடகர். அப்பாடல் பிறந்து 25 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். அந்நிகழ்ச்சி நடந்து 17 நாட்களில் ஆஸ்போர்ன் காலமானார்.

இல்லத்தில் விழும் விதை

திரைப்படமும் தொடரும் வாயில்களே. அவ்வாயிலில் நுழையுமுன்பே பிள்ளையின் செவியைப் பண்படுத்தி வைத்தது எது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலார் இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. 20 வயதை ஒட்டிய 62 மாணவ மாணவியருக்கு, 1955 முதல் 2009 வரை ஆண்டுதோறும் முன்னணியில் நின்ற பாடல்களின் சிறு பகுதிகளை அவர்கள் ஒலிக்கச் செய்தனர். எப்பாடல் நினைவுகளை எழுப்புகிறது, எது பிடிக்கிறது என்று வினவினர். தம் சொந்தக் காலத்துப் பாடல்கள் மிகுந்த நினைவுகளை எழுப்பியதில் வியப்பில்லை. அதற்கு முந்திய காலத்தை நோக்கிச் செல்லச் செல்ல நினைவுகள் தேய்ந்தன. ஆனால் 1980-களின் தொடக்கத்தை எட்டியதும் அவை மீண்டும் பெருகின! அம்மாணவர் அப்போது பிறந்திருக்கவும் இல்லை. அவர்களுடைய பெற்றோர் இளமையின் நடுவில் இருந்த காலம் அது. 1960-களின் பாடல்களுக்கும் அவ்வாறே ஓர் எழுச்சி காணப்பட்டது. பாட்டன் பாட்டியர் வழியே வந்த செல்வமாக அது இருக்கலாம். அல்லது அக்காலத்து இசையின் தரமே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். சிறிய ஆய்வுதான். ஆயினும் அது உணர்த்தும் உண்மை பெரிது: பெற்றோர் தமக்காகக் கேட்ட இசை, பாடம் நடத்தாமலே பிள்ளையின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? அன்று வீட்டில் இருந்தது ஒரே இசைத்தட்டுக் கருவி. காரில் இருந்தது ஒரே வானொலி. தந்தை கேட்டதை மகன் கேட்டுத்தான் ஆக வேண்டும். சலித்துக்கொண்டே கேட்டான். பத்தாண்டுகள் கழித்து எங்கோ தொலைவில் அப்பாட்டைக் கேட்டபோது, தந்தையின் முகத்தையும் வீட்டின் மாலைப் பொழுதையும் அது கொண்டுவந்தது. பெற்றோருக்கு எதிராய்ப் பிறந்த இசை, பெற்றோரின் நினைவாகவே பிள்ளைக்குச் சொந்தமாயிற்று.

அறுந்துபோகும் இழை

இன்று நாம் கவலை கொள்ள வேண்டிய இடம் இதுவே. 1979-இல் சப்பானிய சோனி நிறுவனம் வாக்மேன் கருவியை வெளியிட்டபோது, இசை கூடத்தை விட்டு ஒருவர் காதுக்குள் புகுந்தது. பின்னர் வந்த கைபேசி அதனை முழுமையாக்கிவிட்டது. ஒரே அறையில் நால்வர் அமர்ந்திருப்பர். நால்வர் காதுகளிலும் இயர்போன். நால்வரும் கேட்பது நான்கு வேறு உலகங்கள். அடுத்து என்ன கேட்பது என்பதைப் பெரும்பாலும் கணினியே தீர்மானிக்கிறது. நேற்று நீ கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் உனக்கு எடுத்து வைக்கிறது. தந்தைக்குப் பிடித்தது உனக்குத் தற்செயலாய் வந்து சேர வழியில்லை. உனக்குப் பிடித்தது தந்தையின் செவியில் விழவும் வழியில்லை.

கார்னெல் ஆய்வில் கலந்துகொண்டவர், ஒரே இசைக்கருவியைப் பலர் பகிர்ந்துகொண்ட இல்லங்களின் கடைசிப் பிள்ளைகளாக இருக்கக் கூடும். இன்று தொட்டிலில் உறங்கும் குழந்தை 20 வயதை எட்டும்போது, தன் பெற்றோரின் பாட்டு எதுவென்று அறிந்திருக்குமா? பாடல்கள் அழியப்போவதில்லை. எண்ணற்ற பாடல்கள் கைபேசியில் என்றும் கிடைக்கும். ஆனால், 'இது என் தாய் சமையலறையில் முணுமுணுத்த பாட்டு' என்ற உறவை எந்தக் கருவியும் சேமித்துத் தர இயலாது.

பெற்றோருக்கு ஒரு சொல்

பெற்றோரே, மேல்நாட்டு ராக் இசை உங்கள் இல்லத்தில் ஒலித்திராமல் இருக்கலாம். உங்கள் இளமையின் பாட்டு வேறாக இருக்கலாம். ஆயினும் அதனை உங்கள் பிள்ளை அறிய வேண்டுமானால், அது வீட்டில் ஒலிக்க வேண்டும். "இதைக் கேள், இதுவே நல்ல இசை" என்று கட்டளையிடுவதால் பயனில்லை; கட்டளைக்கு எதிராய்ப் பிறந்ததன்றோ அந்த ராக் இசையே! நீங்கள் மகிழ்ந்து கேளுங்கள், கதவு திறந்திருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் இயர்போன்களை ஒதுக்கி வைத்து, எல்லாரும் கேட்க ஒரு பாட்டு ஒலிக்கட்டும்.

மரபைக் கையளிக்கும்போது அதன் நிழலையும் மறைக்காதீர்கள். ராக் இசையின் பொற்காலம் எனப்படும் அந்நாட்களில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ஆகிய இருவரும் 1970-இல் தம் 27-ஆம் வயதில் போதைப் பழக்கத்துக்குப் பலியாயினர். இசையின் மேன்மையை எடுத்துரைக்கும் வாயே, அதனை இசைத்தோர் கொடுத்த விலையையும் உரைக்கட்டும். உண்மையை முழுதாகக் கூறும் பெற்றோரையே பிள்ளைகள் நம்புவர்.

இன்னொரு கடமையும் உண்டு. ஒரு பாட்டு உங்களுடையதாக ஒலித்தால், அடுத்தது அவர்களுடையதாக இருக்கட்டும். 1964-இல் தம் பிள்ளைகளின் இசையை இரைச்சல் என்று ஒதுக்கிய பெற்றோர், அதில் மணியும் இருந்ததை அறியாமலே போயினர். பிள்ளை நீட்டும் பாட்டை முகம் சுளிக்காமல் இறுதிவரை கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையெனில் காரணத்தோடு கூறுங்கள், பிடித்திருந்தால் மறைக்காதீர்கள். தன் பாட்டைப் பொறுமையாய்க் கேட்ட தாய் தந்தையரின் பாட்டை, இன்றில்லாவிடினும் ஒரு நாள் அப்பிள்ளை தானே தேடிக் கேட்கும்.